எட்டாம் போர்ட்டில் இருந்த ஸ்பீக்கர்

எங்கள் மீனவர் சங்க அலுவலகத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. எட்டு போர்ட் கொண்ட சின்னப் பெட்டி. ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரே கேபிளில் இணையமும் மின்சாரமும் போகும். ஏழில் தெருவுக்கு ஒன்றாகக் கேமரா. எட்டாவதில் படகுத்துறை ஸ்பீக்கர். காற்று ஏறினால் நான் அதில்தான் அறிவிப்பேன். என் தம்பி, போன் நனைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு ஏரிக்குப் போகிறவன். என் குரல் எட்டினால்தான் அவன் திரும்புவான்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் தோணிரேவு ஊர்ப் பக்கம் வானம் இருண்டது. மைக்கைப் பிடித்து, "காத்து வருது, கரைக்கு வாங்க" என்றேன். "காத்து" மட்டும் வெளியே போனது. படகு கவிழ்ந்து, வலையை விட்டுவிட்டுத் தம்பி நீந்தி வந்தான்.

"இன்னாண்ணே, உன் ஸ்பீக்கரு வாயத் தொறந்தாவே செத்துப்பூடுது?" என்றான், தலையைத் துவட்டிக்கொண்டே.

மறுநாள் வெயிலில் பேசிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. எந்த போர்ட் எத்தனை வாட் இழுக்கிறது என்று அலுவலகக் கணினியில் பார்க்கலாம். சுவிட்ச் மொத்தம் அறுபது தரும். கேமராவுக்கு ஐந்து வீதம் முப்பத்தைந்து, பேசும்போது ஸ்பீக்கருக்குப் பன்னிரண்டு. நாற்பத்தேழு. எங்கேயும் இடிக்கவில்லை.

வெயிலுக்கும் மேகத்துக்கும் என்ன வித்தியாசம்? ஏணி வைத்து ஏறி, அலுவலகத் தெருக் கேமராவைத் துண்டால் மூடினேன். இறங்கிவந்து பார்த்தால் ஐந்து எட்டாகியிருந்தது. இருட்டிவிட்டதென்று அது தன் விளக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு, பன்னிரண்டும் சேர்ந்தால் அறுபத்தெட்டு. காற்று வரும் நாளில்தான் மின்சாரம் போதவில்லை.

சரி, ஏன் ஸ்பீக்கரை மட்டும் அணைக்கிறது? சுவிட்சைப் பொருத்திக் கொடுத்த பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"எதுக்கு முன்னுரிமைனு அன்னிக்கே கேட்டேன் சார். எல்லாம் சமம்னு உங்க ஊரே சொல்லிச்சு. சமமா இருந்தா கடைசி நம்பரைத்தான் அது கழட்டிவிடும்."

உண்மைதான். யார் என்றைக்கு எங்கே வலை போடுவது என்பதையே பாடு என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்கிற ஊர். ஒரு தெரு முதல், இன்னொன்று கடைசி என்று சொன்னால் அடிதடிதான். அதனால் போர்ட்டுக்கும் சீட்டுக் குலுக்கினோம். ஸ்பீக்கருக்காகச் சீட்டெடுக்க ஆளில்லை. மிஞ்சிய எட்டு அதற்கு.

கூட்டம் போட்டோம். ஸ்பீக்கர்தான் முதல் என்பதில் சண்டை வரவில்லை. எந்தக் கேமரா கடைசி என்றதும் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஒன்று அணைந்தால் சரியாக அறுபது, மயிரிழை மிச்சமில்லை. கடைசியில் வைக்க எனக்கு இரண்டு கேமரா வேண்டும் என்றேன்.

"எங்க தெருவ வெய்யி," என்றான் தம்பி. "இருந்த ஒரு வலையும் ஏரியில பூட்ச்சி. திருடன் வந்தா அவன்தான் எதுனா குட்த்துட்டுப் போவணும்."

சிரிப்பு அடங்கியதும், இன்னொன்றுக்கு மாதம் ஒரு தெரு என்று பாடு வைத்தோம்.

அடுத்த இருட்டு கார்த்திகையில் வந்தது. மைக்கைப் பிடித்ததும் திரையில் இரண்டு கட்டங்கள் கறுத்தன. என் குரல் கடைசிச் சொல்வரை ஏரிமேல் போனது. நம்பிக்கை வராமல் மறுபடி சொன்னேன், மறுபடியும்.

காற்றுக்கு முன்னால் தம்பி கரையேறினான்.

"ஒருவாட்டி சொன்னா வரமாட்டனா? ஒம்போதுவாட்டி கத்துற. மீனெல்லாம் உனக்கு பயந்து ஓடிப்பூட்ச்சி."

பதினொன்று என்று திருத்தினேன்.