வாளியில போன வாய்க்கால் சேறு

ஆறு, ஏரி, வாய்க்கால் எண்டு தண்ணி நிக்கிற இடமெல்லாம் அடியில படிஞ்சு கிடக்கிற சேற்றைத் தோண்டி, அதுக்குள்ள என்ன நஞ்சு இருக்கெண்டு பாக்கிறதுதான் என்ர தொழில். தோண்டுறதைவிடக் கஷ்டம் அதை மற்றாக்களுக்கு விளங்கப்படுத்துறது. ஆரோ போட்டுட்டுப் போன அழுக்குக்குப் பின்னால திரிஞ்சு சம்பளம் எடுக்கிற சகோதரங்களே, ஹோட்டலில கோப்பை கழுவுறாக்கள், ஒஃபீஸ் கூட்டுறாக்கள், ஆஸ்பத்திரியில படுக்கை மாத்துறாக்கள், உங்களுக்கு என்ர பாடு விளங்கும். போன கோடையில சூரிச்சுக்குப் பக்கத்தில, ஷ்லீரனில, ஒரு வாய்க்காலோட பட்ட பாட்டைச் சொல்லுறன், கேளுங்கோ.

சேறு அள்ளவும் சோதினை

லிம்மாட் ஆத்தில இருந்து பிரிஞ்சு போய்த் திரும்பவும் ஆத்திலயே விழுகிற சின்ன வாய்க்கால். முந்தி அதின்ர கரையில உலோகத்துக்குப் பூச்சுப் பூசுற பட்டறை ஒண்டு இருந்தது. இப்ப அந்த இடத்தில அடுக்குமாடி கட்டியாச்சு. பட்டறை போயிட்டுது, ஆனால் அது கழுவி ஊத்தினதெல்லாம் வாய்க்காலுக்கு அடியில பத்திரமாக் கிடக்குது. அதை அளந்து, பிறகு அள்ளி எடுக்கிறதுதான் எங்களுக்குக் கிடைச்ச வேலை.

மற்றக் கரை முழுக்க வாடகைத் தோட்டத் துண்டுகள். அதில ஒரு வேலிக்கு மேலால முதல் நாளே எட்டிப் பாத்தவர் சிவம் அண்ணை. இருபத்தெட்டு வருசம் ஹோட்டல் குசினியில நிண்டு, நெஞ்சில பைபாஸ் செய்து, பென்சன் எடுத்த மனிசன். அந்தத் துண்டு நிலத்துக்காக ஏழு வருசம் பேர் குடுத்திட்டுக் காத்திருந்தவர். அதில கத்தரியும் பச்சை மிளகாயும் வெந்தயக்கீரையும் நிண்ட வடிவைப் பாத்தால் கண் பட்டிடும்.

நான் உள்ளுக்கு இருக்கிறது வெளியில தெரியிற நீட்டுக் குழாயைச் சேத்துக்குள்ள இறக்கி, இழுத்தெடுத்து, "மேல கிடக்கிறது போன வருசத்துச் சேறு அண்ணை, கீழ போகப் போகப் பழசு, இந்தக் கறுப்புப் பட்டைதான் பட்டறைக் காலம்" எண்டு காட்டினன். இதுக்கெண்டு மூண்டு வருசம் லபோரில, அதுதான் ஆய்வுகூடத்தில, தொழில் படிச்சு, சோதினை எழுதிப் பாஸ் பண்ணினனான் எண்டும் கொஞ்சம் பெருமையாச் சொன்னன். அவர் என்னை மேல இருந்து கீழ வரைக்கும் ஒருக்காப் பாத்தார். "சேறு அள்ளுறதுக்கும் இந்த நாட்டில சோதினை எழுத வேணுமோ தங்கச்சி?"

பன்னிரண்டு அடிச்சு அஞ்சு நிமிசம்

குழாய் இறங்க மறுக்கிற இடத்தில அதிர்வுச் சுத்தியல் பிடிக்க வேணும். அது கத்துற கத்தில வாத்துகளே வீடு மாறும். ஒரு நாள் பன்னிரண்டு மணி தாண்டியும் குழாய் பாதியில நிக்குது. இன்னும் ரெண்டு அடிதான் எண்டு என்ர முதலாளி உர்ஸ் பல்லைக் கடிச்சுக்கொண்டு அமத்துறார். அப்ப வந்து நிண்டா தோட்டச் சங்கத் தலைவி ஃப்ராவ் கெல்லர். எழுபது தாண்டின மனிசி. வைக்கோல் தொப்பி, கையில பிளாஸ்டிக் உறைக்குள்ள சங்க விதிகள். பன்னிரண்டில இருந்து ஒரு மணி வரைக்கும் சத்தம் கூடாது.

உர்ஸ் அசல் சுவிஸ்காரன், விதி எண்டு கேட்டாலே தானா நிமிந்து நிப்பார். எண்டாலும் அண்டைக்குக் கொஞ்சம் துணிஞ்சு, "இது நஞ்சு, அவசரம்" எண்டு சொல்லிப் பாத்தார். அவ மணிக்கூட்டில இருந்து கண்ணை எடுக்கேல்லை. "நான் பள்ளிக்கூடம் போன காலத்தில இருந்து கிடக்கிற சேறு, இன்னும் ஐம்பத்தஞ்சு நிமிசம் கிடக்கும்."

கல்பனாவின்ர ஒற்றைப் பூட்ஸ்

எங்கட நஞ்சு நிபுணர் கல்பனா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, இப்ப சூரிச் ஓர்லிகோனில இருக்கிறா. எந்த உலோகம் எந்த மீனை என்ன செய்யும் எண்டு நித்திரையில கேட்டாலும் சொல்லுவா. ஆனால் சேறு எண்டால் அவவுக்குக் கம்ப்யூட்டரில வாற கோடும் புள்ளியும்தான். வாய்க்கால் ஆத்தில போய் விழுகிற முனையை நேரில பாக்க வேணும் எண்டு ஒரு நாள் வந்தா. "பலகையில மட்டும் மிதியும்" எண்டு நான் சொல்லி முடிக்க முதல் பிள்ளை தொடை வரைக்கும் உள்ளுக்கு.

நானும் உர்ஸும் ரெண்டு கையிலயும் பிடிச்சு இழுத்தம். ஆள் வந்தா, ஒரு பூட்ஸ் வரேல்லை. வெயிலுக்கு ஆத்தில மிதந்துகொண்டு போன சனம் உடுப்பு அடைச்ச மிதவைப் பையைக் கட்டிப்பிடிச்சபடி கை தட்டிச்சுது. அந்த நாறல் சேற்றோட ஒற்றைக் காலில நிண்டு கல்பனா சொன்னா, "பிஎச்டி பண்ணும்போது இதை எனக்கு யாருமே சொல்லலக்கா."

கொழுத்த சேறு

இனி வாறதில என்ர பிழை இருக்கு. மறைச்சுக் கதைக்க எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சிவம் அண்ணை வேலிக்கு மேலால தேத்தண்ணி பிளாஸ்க்கை நீட்டி, "சேறு எப்பிடிப் பிள்ளை?" எண்டு கேட்டார். ஊரில குளம் வத்தினால் அடியில கிடக்கிற வண்டலை வண்டில் வண்டிலா அள்ளி வயலுக்குப் போடுவினம். அதை மிஞ்சின பசளை இல்லை எண்டு எங்கட சனத்துக்கு ஒரே நம்பிக்கை. அந்த ஞாபகத்தில என்ர வாய் சும்மா கிடந்துதோ? "நல்லாக் கொழுத்துக் கிடக்கண்ணை, எங்கட வயலுக்குப் போட்டால் நெல்லு ஆள் உயரத்துக்கு நிக்கும்" எண்டு பகிடியாச் சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சன்.

அடுத்த மாதம் அவற்ற கத்தரி குண்டு குண்டாக் காய்ச்சுத் தள்ளிச்சுது. எனக்கு ஒரு பை, கல்பனாவுக்கு ஒரு பை. கோயில் தேருக்கு அன்னதானக் கறிக்கு முழுக் கத்தரிக்காயும் தன்ர பொறுப்பு எண்டு ஐயரிட்டயும் சொல்லி வைச்சிட்டார். அந்தச் சந்தோசத்தில மனிசனுக்கு வயசு பத்துக் குறைஞ்சு போச்சு. கல்பனா குழம்பு வைச்சுச் சாப்பிட்டுட்டு அடுத்த நாள் வந்து சொன்னா, "எங்க ஊர்க் கத்தரிக்கா இது முன்னாடி நிக்காதுக்கா, என்ன உரம் போடுறாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

கணக்கில வராத வாளி

சோதிச்சு மிஞ்சின சேற்றை மூடி போட்ட வாளியில அடைச்சுக் கரையில அடுக்கி வைப்பம். பிறகு லொறி வந்து ஏத்தும். ஒவ்வொரு கிழமையும் ஒரு வாளி, ரெண்டு வாளி குறையுது. நஞ்சை ஆர் களவெடுப்பான் எண்டு உர்ஸ் தன்னைத்தான் சந்தேகப்பட்டு, திரும்பத் திரும்ப எண்ணினார்.

நான் கண்டுபிடிச்சது தற்செயலா. சிவம் அண்ணை கத்தரிக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிக்கிறார். பாத்தியில தேங்கின தண்ணிக்கு மேல எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில மினுங்குது. வாய்க்கால் சேற்றில நாள் முழுக்கப் பாக்கிற அந்த மினுக்கத்தை எனக்குத் தெரியாதோ! வேலியைச் சுத்திக்கூடப் போகேல்லை, ஏறிப் பாய்ஞ்சன். கொட்டிலுக்குப் பின்னால எங்கட வாளிகள், வடிவாக் கழுவிக் கவிட்டு வைச்சிருக்கு. "அண்ணை, மூடியில அபாயம் எண்டு எழுதியிருக்கே, பாக்கேல்லையோ?" எண்டு கத்தினன். அவருக்கு முகம் வெளிறிப் போச்சு. மெல்லமாச் சொன்னார், "வாசிச்சனான் தங்கச்சி, ஆனால் நீர் கொழுத்த சேறு எண்டு சொன்னனீர், நான் உம்மைத்தான் நம்பினன்."

உர்ஸ் கதிரையில இருந்து எழும்பினது

வெட்கத்தில நான் செத்துப்போனன். சங்க விதியும் எனக்குத் தெரியும்: வெளி மண்ணைத் தோட்டத்துக்குள்ள கொண்டு வந்தால் துண்டைத் திருப்பி எடுப்பினம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அண்ணைக்குத் தோட்டம் தப்பும், எனக்கு வேலை தப்பும். ஆனால் அந்தக் கத்தரிக்காய் தேரண்டைக்கு நூற்றுக்கணக்கான சனத்தின்ர இலையில விழும், அதில குழந்தையளும் இருக்கும். நித்திரை வரேல்லை. விடிய முதல் வேலையா உர்ஸின்ர அறைக்குள்ள போய், என்ர பகிடியில இருந்து வானவில் வரைக்கும் ஒண்டும் விடாமல் சொன்னன்.

நாங்கள் திண்ட ரெண்டு மூண்டு கறியால ஒண்டும் ஆகாது, ஆனால் இனி ஒரு காய்கூட வேண்டாம் எண்டு பக்கத்தில நிண்ட கல்பனா உறுதியாச் சொன்னா. உர்ஸ் ஏசுவார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். மனிசன் எழும்பிப் பூட்ஸைப் போட்டார், குழாயைத் தூக்கினார். "தோட்டத்து மண்ணிலயும் மாதிரி எடுத்து எண் போடு, சுமதி, முதல்ல அளப்பம், பிறகு அழலாம்."

பாத்திக்கு ஊசி

பாத்திக்கு நாலு மூலையிலயும் நடுவிலயும் குழாய் இறக்கினம். மிளகாய்ப் பக்கம், கீரைப் பக்கம், வேலியோரம், ஒண்டும் மிச்சமில்லை. சிவம் அண்ணை மண் அடைக்கிற போத்தலுக்கு மூடி போட்டுத் தந்துகொண்டு பின்னால பின்னால வந்தார். தேருக்கு வேற இடத்தில கத்தரிக்காய் எடுங்கோ எண்டு அவர் காலமையே ஐயருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிப்போட்டார், காரணத்தையும் ஒளிக்கேல்லை. அதை அவர் எனக்குச் சொல்லேக்க நான் அங்கால திரும்பி நிண்டன். கடைசிக் குழாயை நான் இழுக்க, அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னார், "பைபாஸ் செய்யேக்க எனக்கும் இவ்வளவு குத்துக் குத்தேல்லை."

சங்கக் கூட்டம்

லபோர் முடிவு வந்தது. கத்தரிப் பாத்தியில ஈயமும் செம்பும் சட்டம் விட்ட எல்லைக்கு மேல. மற்றப் பாத்திகளில அவ்வளவு மோசமில்லை, ஆனால் சுத்தமும் இல்லை. சேறு போடாத வேலியோரத்திலயும் ஆழத்தில ஈயம் நிண்டது. எங்களுக்கு அது விளங்கேல்லை. அந்த வாளிச் சேறு அங்க போகவே இல்லை எண்டு சிவம் அண்ணை சத்தியம் பண்ணுறார்.

சங்கம் கூடினது. சிவம் அண்ணை தேர்த் திருவிழாவுக்குப் போடுற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு எழும்பி, குசினியில படிச்ச ஜெர்மனில, "நான் எடுத்தனான், விதி தெரியும், பிழை என்னில" எண்டார். நானும் எழும்பி, சேற்றை நல்லது எண்டு சொன்ன வாய் இதுதான் எண்டு சொன்னன். வயசான உறுப்பினர்கள் ஏனோ எல்லாரும் குனிஞ்சு தங்கட சப்பாத்தைப் பாத்தினம். ஃப்ராவ் கெல்லர் விதிகளை உறைக்குள்ள இருந்து எடுத்தா. சரி, அண்ணையின்ர தோட்டம் போச்சு எண்டு நினைச்சன். அவ அதை வாசிக்கேல்லை. மேசையில கவிட்டு வைச்சா, கண்ணாடியைக் கழட்டினா. "வாய்க்கால் துப்புரவாக்கிற நேரமெல்லாம் என்ர அப்பாவும் பசளைக்குச் சேறு அள்ள வாளியோடதான் போனவர், நாங்கள் எல்லாரும் போனனாங்கள், முதல்ல என்ர ரோஜாப் பாத்தியைச் சோதியுங்கோ."

புது மண்

சோதிச்சம். அவவின்ர ரோஜாப் பாத்தி அண்ணையின்ர கத்தரிப் பாத்தியைவிட மோசம். பழைய துண்டுகள் அனேகமா எல்லாத்திலயும் பட்டறைச் சேறு, அண்ணையின்ர வேலியோரத்து ஈயமும் அதுதான். தாத்தாமார் காலத்தில இருந்து அதில உருளைக்கிழங்கும் சலாடும் விளைஞ்சு, பேரப்பிள்ளையள் பிடுங்கித் திண்டிருக்குதுகள். வாய்க்காலை மட்டும் பாத்துக்கொண்டு இருந்திருந்தால் இந்த மண்ணை ஒருத்தரும் தொட்டே இருக்க மாட்டினம். பிறகென்ன, ஒருத்தருக்கும் துண்டு பறிபோகேல்லை. வாய்க்கால் சேற்றோட சேர்த்துத் தோட்ட மண்ணையும் அள்ளுறது எண்டு முடிவாச்சு. என்ர வேலையும் தப்பிச்சுது, ஆனால் கரையில வைக்கிற வாளிக்கு இப்ப பூட்டுப் போட்டிருக்கிறம். திறப்பு உர்ஸிட்ட, என்னட்ட இல்லை.

காய்ச்சு நிண்ட கத்தரியைப் பிடுங்கின நாள் சிவம் அண்ணை ஒளிக்காமல் அழுதார். நானும் அழுதன். ஃப்ராவ் கெல்லர் தன்ர ரோஜாக்களைப் பிடுங்கி அதே லொறியில போட்டுட்டு வந்து, அவருக்குக் கண் துடைக்க லேஞ்சியை நீட்டினா. மூண்டு கிழமை கழிச்சுப் புது மண் வந்திறங்கிச்சுது. சோதிச்சு, முத்திரை குத்தி, கல்பனா கையெழுத்து வைச்ச மண். சிவம் அண்ணை ஒரு பிடி அள்ளினார், மூக்கில வைச்சு மணந்து பாத்தார், விரலால நசிச்சார், எங்கள் எல்லாரையும் பாவம் பாத்த மாதிரிப் பாத்தார். "சுத்தமான மண்தான் தங்கச்சி, ஆனால் இதில ஒரு சத்தும் இல்லை."

இவ்வளவு வருசமாச் சேத்தைக் கிண்டி நான் படிச்சது இவ்வளவுதான்: நஞ்சு எவ்வளவு ஆழம் போயிருக்கெண்டு குழாய் காட்டும், எவ்வளவு தூரம் போயிருக்கெண்டு மட்டும் வாளி வைச்சிருக்கிற ஆள் வாய் திறந்தால்தான் தெரியவரும்.