தொண்டையில் பட்ட பந்து

2008-ஆம் வருஷம் கோடையில் என் குரல் போனது. தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்கிறோமே, அப்படி இல்லை. சுத்தமாகப் போனது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அதைப் பறித்தவள் வேற்றாள் இல்லை, என் சிநேகிதி. கர்த்தருக்குள் பிரியமானவர்களே, மனுஷர் எனக்குச் செய்ததையும் ஆண்டவர் எனக்குச் செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். ஊர் கும்மிடிப்பூண்டி. அப்பாவுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டுகிற ரோலிங் மில்லில் வேலை. பொன்னேரியில் கல்லூரி படிக்கும்போது பேஸ்பால் ஆட ஆரம்பித்தேன். நான் கேட்சர். பந்தை அடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பிட்சர் எறிகிற பந்தைப் பிடிக்க வேண்டும். எங்கள் பிட்சர் மாலா. பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பெண். கையில் நல்ல வேகம், ஆனால் குறி தவறும். மற்றவர்கள் வீட்டுக்குப் போனபிறகும் நான் இருந்து அவள் பந்தைப் பிடித்துக்கொடுப்பேன். என் உள்ளங்கை வீங்கிப்போகும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் எங்கள் வீட்டில் சாப்பிட்டு என் பாயில் படுத்துக்கொள்வாள். அம்மா எனக்காக ஜெபம் பண்ணும்போது அவள் பெயரையும் சேர்த்துக்கொள்வார்.

அந்த வருஷம் ஜப்பானில் பெண்களுக்கான சர்வதேச பேஸ்பால் போட்டி. இந்திய அணிக்கு ஆள் எடுக்க வெளிமாநிலத்தில் முகாம் போட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அம்மா சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார்.

முகாமின் கடைசி ஆட்டம். தேர்வாளர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பந்து எறிய வேண்டும் என்று கேட்சர் விரலால் சிக்னல் காட்டுவாள். பிட்சர் தலையசைத்துவிட்டு அதையே எறிய வேண்டும். நான் மெதுவாக வந்து கீழே விழுகிற பந்தைக் காட்டினேன். மாலா தலையசைத்தாள். நான் கையுறையைத் தரையோரம் இறக்கினேன். வந்தது அவளுடைய வேகப்பந்து. கையைத் தூக்க நேரமில்லை. நான் போட்டிருந்தது பழைய மாஸ்க், கழுத்தை மறைக்கிற தகடு அதில் இல்லை. பந்து நேராகத் தொண்டையில் பட்டது.

மூச்சு வரவில்லை. மண்ணில் புரண்டேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். கல்லூரியிலிருந்து எங்களோடு வந்திருந்த பயிற்சியாளர் மாலாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார். அவள் என் தலைமாட்டில்தான் நின்றிருந்தாள்.

"ஃபாஸ்ட் பால்னு அவதான் சார் காட்னா. காட்டிட்டு கீழ பாத்துக்கினு இருந்தா" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினேன். வலியில் ஆட்டுகிறேன் என்று நினைத்தார்கள். கவனமில்லாத பெண், அவளாகவே அடிபட்டுக்கொண்டாள் என்று முகாம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பிறகு தாளில் எழுதிக் காட்டியும் யாரும் நம்பவில்லை. மாலா ஜப்பானுக்குப் போனாள். நான் அப்பாவோடு ரயிலேறி வீட்டுக்கு வந்தேன்.

சென்னையில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். ஒரு பக்கத்துக் குரல் நாண் அசையவில்லை, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தோம். குரலில்லாதவளை யார் எடுப்பார்கள்? அப்பா அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அணியின் படம் வந்த பேப்பரை என் கண்ணில் படாமல் மடித்து வைத்தார். நான் தேடி எடுத்துப் பார்த்தேன். மாலா சிரித்துக்கொண்டிருந்தாள்.

போட்டி முடிந்து அவள் ஊர் திரும்பினாள். பழவேற்காடு எங்கோ இல்லை, பொன்னேரியில் பஸ் மாறினால் போதும். அவள் வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள்தானோ என்று பார்ப்பேன். பொய் சொன்னதைவிட, வராமலே இருந்ததுதான் என்னை அறுத்தது.

சபையில் எல்லோரும் பாடுவார்கள். நான் உதட்டை மட்டும் அசைப்பேன். என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, குரலைக் கொடும், அவள் முகத்துக்கு நேரே நான் கேட்க வேண்டும். வேறு எதுவும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தினமும் காலையில் அம்மா என் கழுத்தில் கை வைத்து, எனக்குப் பதிலாகத் தானே பேசுவார். "ஆண்டவரே, எம் பொண்ணு மனசுல இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்."

மழைக்காலம் முடிகிற சமயம். அம்மா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வந்தது. "அம்மா, பால்" என்றேன். சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து என் முகத்தையே பார்த்தார். இன்னொரு தடவை சொல் என்றார். சொன்னேன். தகரத்தை உரசுகிற மாதிரி ஒரு சத்தம், ஆனாலும் என் குரல். பால் வழிந்து அடுப்பே அணைந்துபோனது. நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். நாண் அசைகிறது, சிலருக்கு இப்படித் திரும்பும் என்றார் டாக்டர். அந்தச் சிலரில் என்னையும் சேர்த்தவர் யாரென்று எனக்குத் தெரியும்.

குரல் கொஞ்சம் தேறியதும் தனியாகப் பழவேற்காடு போனேன். மாலா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எத்தனையோ மாதமாக மனதில் சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை.

"நீ தலையாட்டுன மாலா. நான் பாத்தேன்" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள். "ஆமா, ஆட்னேன். செலக்டருங்க பாத்துக்கினு இருந்தாங்க. என் ஸ்பீட காட்டணும்னு எறிஞ்சிட்டேன். சார் கேட்டப்ப பயந்துட்டேன்."

"பயந்தது ஒரு நாளு. அதுக்கப்புறம் இத்தினி மாசம்?"

அவள் உட்கார்ந்து மறுபடியும் இறாலைக் கையில் எடுத்தாள்.

ஆனால் அடுத்த வாரம் அவளே கும்மிடிப்பூண்டிக்கு வந்து என்னைக் கல்லூரி மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். எங்கள் அணிப் பெண்கள் எல்லோரும் நிற்கும்போது, எஸ்தர் சரியாகத்தான் காட்டினாள், தப்பு என்னுடையது என்று சொன்னாள். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள் என்று பயிற்சியாளர் முகம் சுளித்தார். அடுத்த போட்டிக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. எனக்கு வரவில்லை. உண்மை வெளியே வந்தால் நியாயமும் கூடவே வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். வரவில்லை.

ஆனாலும் நான் வெறுங்கையோடு நிற்கவில்லை. பள்ளிக்கூட வேலை கிடைத்தது. மைதானத்தின் இந்த முனையிலிருந்து கூப்பிட்டால் அந்த முனையில் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் ஜெயிப்பதற்காக மட்டுமே முழங்கால் போட்டு ஜெபிப்பேன். இப்போது விடிந்ததும் முதலில் நன்றி சொல்கிறேன், வாய்விட்டு, சத்தமாக.

உங்களில் யாரையாவது கூடச் சாப்பிட்டவரே கைவிட்டிருக்கலாம். எடுத்துச் சொல்ல வாய் இல்லாமல் நிற்கலாம். அழகான ஜெபம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கசப்பாக இருந்தால் கசப்பாகவே அவரிடம் கொண்டுபோங்கள். சத்தமே இல்லாத என் ஜெபத்தைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார். மாலாவும் நானும் பழையபடி ஆகவில்லை. ஆனால் தினமும் அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். அந்தப் பெயர் வரும்போது இன்னும் தொண்டை அடைக்கிறது. அடைத்தாலும் சொல்லிவிடுகிறேன்.