காலை ஓட்டமும் காலிக் குடமும்

கல்லூரி விடுதியில் பரோட்டாவாகத் தின்று, பழைய சுடிதார் எதுவும் நுழையாத உடம்போடு விடுமுறைக்கு எங்கள் கிராமமான வல்லத்திராக்கோட்டைக்கு வந்தேன். எடையைக் குறைக்க, மறுநாள் காலையே சாலையில் ஓடத் தொடங்கினேன்.

எதிரே பைக்கில் வந்த பக்கத்து வீட்டுச் சித்தப்பா, "என்னாத்தா, வீட்ல யாருக்கும் முடியலையா?" என்று பதறினார். மூச்சு வாங்கியதால் கையை மட்டும் ஆட்டினேன். அவர் எங்கள் வீட்டுக்குப் பறந்துவிட்டார்.

நான் திரும்பியபோது வாசலில் ஒரே கூட்டம். பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவை இரண்டு பேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா!" என்றார் அப்பா.

"பேசாதீங்கண்ணே, மூச்சு வாங்கும்" என்றார் சித்தப்பா.

இப்போதெல்லாம் கையில் காலிக் குடத்தோடு வேகமாக நடக்கிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்மா மட்டும், "சும்மாதான போற, நெறச்சுக்கிட்டு வா" என்கிறார். எடை நன்றாகவே குறைகிறது.