பச்சை மூடி ஃபிளாஸ்க்

தாம்பரம் கோர்ட்டில் எனக்காகச் சாட்சி சொல்ல வந்தவள் பொய் சொன்னாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அன்றைக்குத்தான் அவள்மேல் எனக்குச் சந்தேகமே வந்தது.

செம்பாக்கத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியில் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வின் கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியே போய்விட்டது. ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து சயின்ஸ் சாரைக் கைநீட்டி, "இவர்தான் கொடுத்தார்" என்று சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. அவர் என்மேல் அவதூறு வழக்குப் போட்டார்.

நான் எதையும் நேரில் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னவள், மேடவாக்கத்திலிருந்து தினமும் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும் இங்கிலீஷ் டீச்சர். "அக்கா, என் கண்ணால பார்த்தேன். டியூஷன் வாசல்ல ஒரு பொண்ணுகிட்ட கவரைக் கொடுத்தாரு. காக்கிக் கவர். ஓரத்துல சாம்பார் கறைகூட இருந்துச்சு" என்றாள். சாம்பார் கறை வரைக்கும் சொல்கிறாளே, பொய்யாகவா இருக்கும்? நம்பிவிட்டேன்.

கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் யாரும் கோர்ட் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இவள் மட்டும் வந்தாள். கவரைப் பார்த்ததைச் சொல்வாள் என்றுதான் நினைத்திருந்தேன். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு, "அன்னைக்கு மீட்டிங்ல மேடம் ஒரு வார்த்தைகூடப் பேசல சார். தொண்டை கட்டியிருந்துச்சு. பச்சை மூடி ஃபிளாஸ்க்ல சுக்குத் தண்ணி வெச்சுக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றாள்.

என்னிடம் ஃபிளாஸ்க்கே கிடையாது. சுக்கு வாசனையே எனக்கு ஆகாது. ஆனால் அவள் கண் இமைக்காமல் சொன்னாள். என் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். எனக்கோ வேறு யோசனை. பச்சை மூடி வந்த இடத்திலிருந்துதானே அந்தச் சாம்பார் கறையும் வந்திருக்கும்?

வராந்தாவில் அவளைப் பிடித்துக் கேட்டேன். "அந்தக் கவரை நெஜமாவே பார்த்தியா?"

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம்? நாமதான் ஜெயிக்கப் போறோமே. வாங்க, டீ சாப்பிடலாம்."

பார்த்தேன் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம், பாவி. எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

சயின்ஸ் சார் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எந்தப் பள்ளியிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, கேளம்பாக்கத்தில் வீடு வீடாகப் போய்ப் பாடம் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரிடம் போய் நின்றேன்.

"சார், அன்னைக்கு நான் சொன்னேன்."

"தெரியும் மேடம். எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன். நீங்க பார்த்தீங்களா? அதைத்தான் அன்னையிலிருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

"இல்ல சார். பார்க்கல."

மன்னித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் எழுந்து கோர்ட் அறையின் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வந்து சொல்லுங்க."

என் வக்கீல் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் உள்ளே போனேன்.