எட்டுக் கையும் நாற்பது மூக்கும்

அந்தப் பள்ளியில் மணி அடிப்பதும் கதவு பூட்டுவதும் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆள்தான். எல்லோருக்கும் அவர் மணியக்கா. ஓவிய ஆசிரியர் காய்ச்சலில் படுத்த அன்று தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டார்.

"நீங்க போய் வகுப்புல சும்மா உக்காருங்க. பிள்ளைங்க உங்களைப் பாத்து வரையட்டும்."

சும்மா உட்காரச் சொல்கிறார்களே என்று மணியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு போனார்.

முதலில் ஒன்றாம் வகுப்பு. அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் பாதிப் பேர் வரைந்தே முடித்துவிட்டார்கள். ஒருத்தன் எட்டுக் கை போட்டிருந்தான்.

"எதுக்குடா எட்டு?"

"ஒண்ணுல மணி, ஒண்ணுல சாவி, ஒண்ணுல துடைப்பம். மத்ததெல்லாம் எங்களைப் பிடிக்க."

இன்னொருத்தியின் தாளில் ஒரே ஒரு புள்ளி.

"நீங்க தூரத்துல வர்றீங்க," என்றாள். "நாங்க அப்பவே ஓடிட்டோம்."

சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்து பவுடர் கரைந்தது.

மதியம், மறுபடி பவுடரோடு, பத்தாம் வகுப்பு. பத்து நிமிடம் யாரும் பென்சிலைத் தொடவில்லை.

"எத்தனை மார்க்குக்கா?"

"மார்ஜின் விடணுமா?"

"மூக்கு கட்டாயமாக்கா?"

"எனக்குக் கட்டாயம்தான்பா," என்றார் மணியக்கா.

ஒருவழியாக ஆரம்பித்தார்கள். ஆனால் அவரை யாரும் பார்க்கவில்லை. முதல் ரேங்க் வாங்குகிற பெண்ணின் தாளைத்தான் பார்த்தார்கள். அவள் மூக்கை அழித்தாள், வகுப்பே அழித்தது. முடியில் மறைந்த இடது காதை அவள் விட்டுவிட்டாள். நாற்பது தாளிலும் மணியக்காவுக்கு ஒற்றைக் காது. அவருக்குச் சுருக்கென்றது.

"தாளைத் திருப்புங்க. பேர் எழுத வேண்டாம், மார்க் கிடையாது. நான் வெளிய போறேன். இஷ்டத்துக்கு வரைங்க."

மணி அடித்துவிட்டுத் திரும்பியபோது மேசைமேல் தாள்கள் கிடந்தன. ஒன்றின் பின்பக்கத்தில் அவருக்கு நாக்குக்குப் பதில் மணி தொங்கியது. ஒன்றில் சாவிக்கொத்தோடு ஒரு பூதம். இன்னொன்றில் மாடிப்படிக்கு அடியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த இடம் யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தார். அதை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் கணவர் அதை விரித்துப் பார்த்தார். "அச்சு அசல் நீதான். குறட்டைதான் கேக்கல."

மறுநாள் தலைமையாசிரியை முன்பக்கங்களைப் பார்த்துப் பூரித்துப்போனார். "எவ்வளவு நேர்த்தி! எல்லாம் ஒரே மாதிரி. சுவத்துல ஒட்டுங்க."

மணியக்கா மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி ஒட்டினார். இடைவேளையில் பிள்ளைகள் தாளைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் பார்க்காதது போல மணி அடிக்கப் போனார்.