ஜெர்மன் லக்ஷ்மி

என் மேஜையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு கறுப்பு இரும்பு வில்லையை வைத்திருக்கிறேன். பழைய வெள்ளி ரூபாயைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கத்தில் மண்டியிட்ட பெண் ஒருத்தி, நீட்டிய கையில் நகை. மறுபக்கத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு வாசகம். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, பழைய காசா என்று கேட்பார்கள். இது காசே இல்லை. எந்தக் காலத்திலும் எந்தக் கடையிலும் இதைக் கொடுத்து யாரும் ஒரு ரொட்டிகூட வாங்கியதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் இது நாற்பது வருஷத்துக்கு மேல் மகாலக்ஷ்மியாக இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் பூவும் பாயசமும் வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டதற்குப் பதிலாக அது என் அத்தைக்கு என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பாவுக்கு மூத்தவர் பெரியப்பா. மூன்று பேரும் வளர்ந்தது திலக் நகரில் தாத்தாவின் சின்ன ஃப்ளாட்டில். பெரியப்பாவை ஜெர்மனியில் ஒரு இயந்திரத் தொழிற்சாலை பயிற்சிக்கு எடுத்துக்கொண்டபோது, கப்பல் செலவுக்கும் கம்பளிக் கோட்டுக்கும் வீட்டில் வழியில்லை. அத்தைக்கு அப்போதுதான் வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பாலக்காட்டிலிருந்து வந்த கெட்டித் தங்கக் காப்பு ஒரு ஜோடி அவள் கையில் கிடந்தது. அதுதான் அவளுடைய கல்யாணம். தாத்தா கேட்டாரா, அவளாகவே கொடுத்தாளா என்பதில் வீட்டில் இரண்டு கதை உண்டு. அத்தையின் கதை மட்டும் ஒன்றேதான். "சோப்பு போட்டுத்தான்டி கழண்டுது. கைக்கு மனசே இல்லை, எனக்குத்தான் இருந்து தொலைச்சுது" என்பாள். வந்த வரன்கள் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். பிறகு தாத்தா படுக்கையில் விழுந்தார், பிறகு பாட்டி. அத்தை மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனாள். காலையில் இருவருக்கும் சமைத்து வைத்துவிட்டு ஓடுவாள், மாலையில் வந்து அவர்களுக்குத் துணி மாற்றுவாள். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "தியாகமும் இல்லை, தேங்காயும் இல்லை. ஆள் இல்லை, நான் இருந்தேன், அவ்வளவுதான்" என்பாள்.

பெரியப்பா திரும்பி வந்தபோது மாப்பிள்ளை மாதிரி வந்தார். எல்லோருக்கும் சாக்லேட், தாத்தாவுக்கு ஒரு ஷேவிங் ரேசர். அத்தைக்கு ஒரு தகர டப்பா. திறந்தால் பழைய ஜெர்மன் நாணயங்கள். "உன் காப்புக்கு இது. பத்திரமா வச்சுக்கோ. நாளைக்கு இதோட மதிப்பே வேற" என்றாராம். அவர் குடியிருந்த வீட்டுக்காரக் கிழவி, காலி செய்யும்போது அந்த டப்பாவைச் சும்மா கொடுத்திருக்கிறாள். இதையும் அவரே பெருமையாகச் சொன்னார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று என் அம்மா முணுமுணுப்பாள்.

அத்தை டப்பாவைக் கிளறி, எல்லாவற்றிலும் பெரியதாக இருந்த அந்தக் கறுப்பு வில்லையை எடுத்தாள். பெண் உருவம், கையில் பொன். வேறு யாராக இருக்க முடியும்? பூஜைப் பலகையில் அரக்கு வைத்து ஒட்டிவிட்டாள். சந்தனம், குங்குமம், மேலே மேலே குங்குமம். நான் பார்த்த நாளில் முகமும் கையும்தான் தெரியும், இடுப்புக்குக் கீழே ஒரே சிவப்பு மேடு. மகாலக்ஷ்மி எங்காவது மண்டியிடுவாளா என்று கேட்க முட்டியே யார் கண்ணிலும் பட்டதில்லை. நாங்கள் ஜெர்மன் லக்ஷ்மி என்று கேலி செய்வோம். "வெயிலே இல்லாத ஊர்லயும் கறுத்துப் போயிருக்கா பாரு, என்னாட்டம்" என்று அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். மற்ற நாணயங்கள் டப்பாவிலேயே கிடந்தன. அவள் அவற்றை எண்ணிக்கூடப் பார்த்ததில்லை.

நான் ஜெர்மன் படித்ததற்குப் பெரியப்பாதான் காரணம். "அவன் பாஷையே ஒரு ஒழுங்குடி. கத்துக்கோ, சோறு போடும்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டவர் அவர். சோறு போடுகிறது, பொய் சொல்லக் கூடாது. இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்தே முலுண்டில் ஒரு படுக்கையறை வீடு வாங்கிவிட்டேன். சனிக்கிழமைகளில் நாணயம் சேகரிப்பவர்கள் சிலர் வாசகம் படிக்கச் சொல்லி வருவார்கள். காசைப் பார்த்ததும் எந்த அரசன், எந்த உலோகம் என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பழக்கம் என்னைக் கொண்டுவிட்டிருந்தது. அதனால்தான் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

திலக் நகர் கட்டடத்தை இடித்துக் கட்ட பில்டர் வந்திருந்தான். தாத்தாவின் சின்ன ஃப்ளாட்டுக்குப் பதிலாக இரண்டு படுக்கையறை வீடு. அத்தைக்கு அதில் ஓர் அறை வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து இருந்த இடம், கண்ணை மூடுவதும் அங்கேதான் என்று நினைத்திருந்தாள். பெரியப்பாவின் கணக்கு வேறு. புது வீடு அவர் மகனுக்கு. அத்தைக்கு பத்லாபூர் பக்கம் ஒரு முதியோர் ஹோம் பார்த்து வைத்திருந்தார். "அவளுக்குச் சேர வேண்டியதை நான் அப்பவே கொடுத்தாச்சு. டப்பாவை வித்தா ஆயுசுக்கும் ஹோம் செலவு நடக்கும். நீ படிச்சவ, நடுநிலையா நீயே பார்த்துச் சொல்லு" என்றார் போனில். என் அப்பா அப்போது உயிரோடு இல்லை. அந்த டப்பாவில் ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட்டால் அவருடைய வாதம் விழும், அத்தைக்கு அறை கிடைக்கும் என்று நான் நம்பினேன். அந்த வயதிலும் அப்படி ஒரு அசட்டு நம்பிக்கை.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டு எழுந்த பிறகு, அத்தையின் சாப்பாட்டு மேஜையில் டப்பாவைக் கவிழ்த்தோம். பெரியப்பா, அவர் மகன், அத்தை, நான். கையில் பூதக்கண்ணாடி, ஈரத் துணி, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பிடுங்கிய ஒரு காந்தம். முதலில் வந்தது அப்பளம் மாதிரி கனமே இல்லாத அலுமினியக் காசு. இருநூறு மார்க், ஆண்டு 1923. 'ஒற்றுமை, நீதி, சுதந்திரம்' என்று எழுதியிருந்தது. "இருநூறா!" என்றான் அண்ணா, அதாவது பெரியப்பாவின் மகன். அந்த வருஷம் ஜெர்மனியில் பணம் மண்ணாகப் போய்க்கொண்டிருந்தது, ரொட்டிக்கே கூடை கூடையாக நோட்டுக் கொண்டுபோனார்கள் என்று சொன்னேன். பிறகு வரிசையாகச் சில்லறைப் பித்தளை. பிறகு நாலைந்து வெள்ளி. ஒன்றில் ஒரு கிழட்டுத் தளபதியின் தலை, பின்னால் கழுகு, கழுகின் காலில் ஹிட்லர் ஆட்சியின் சின்னம். விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்து. காசை உருட்டி உருட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது. 'பொதுநலம் தன்னலத்துக்கு முந்தியது.'

"பார்த்தியா!" பெரியப்பா மேஜையைத் தட்டினார். "எவ்வளவு உசந்த வாசகம்! ஒரு குடும்பத்துக்கும் அதுதானே? எல்லாருக்கும் எது நல்லதோ அதைப் பார்க்கணும்."

அதை அச்சடித்தவர்கள் எல்லோருக்கும் என்ன நல்லது செய்தார்கள் என்று உலகத்துக்கே தெரியும் பெரியப்பா என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மொத்த டப்பாவையும் விற்றால் ஒரு மாத மளிகைக்கு வரும் என்று கூட்டிச் சொன்னபோது இன்னும் பிடிக்கவில்லை. "பெரிசு ஒண்ணு இருக்கே, அவ பூஜைல. அதைப் பாரு" என்றார்.

அத்தை ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தோசைத் திருப்பியை எடுத்துவந்து, பலகையிலிருந்து அவளே நெம்பினாள். வெந்நீரில் கழுவியபோது சிவப்பாகக் கரைந்து ஓடியது. முகம் வந்தது, கை வந்தது, கடைசியில் முட்டி வந்தது. நான் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். வெள்ளியோ தங்கமோ காந்தத்தைச் சட்டை செய்யாது. எங்கள் மகாலக்ஷ்மி ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள்.

"அரே, லோஹா ஹை யே" என்றான் அண்ணா. "வெறும் இரும்பு. பழைய சாமான் எடுக்கற பங்கார்வாலாகூட எடுத்துக்க மாட்டான்."

அரக்கைச் சுரண்டி மறுபக்கத்தைப் படித்தேன். வழக்கம்போல முதலில் ஜெர்மனிலேயே வாய்விட்டு. "கோல்ட் காப் இஷ்..."

"என்னது?" அத்தை நிமிர்ந்தாள். "கோல்டு காப்பா? என் காப்பையா எழுதியிருக்கு?"

இல்லை அத்தை, அவர்கள் மொழியில் 'காப்' என்றால் கொடுத்தேன் என்று அர்த்தம் என்றேன். முழுவதையும் தமிழில் சொன்னேன். 'பொன் கொடுத்தேன் நாட்டைக் காக்க. இரும்பு எடுத்துக்கொண்டேன் மானம் காக்க.' இது முதல் உலகப்போரில் நகையைக் கழற்றி அரசுக்குக் கொடுத்த பெண்களுக்கு, பதிலுக்குக் கொடுத்த இரும்புப் பதக்கம். இவள் கொடுக்கிற லக்ஷ்மி இல்லை, கொடுத்துவிட்டவள்.

"காப்புன்னா கொடுத்தேன்னு அர்த்தமா?" அத்தை அந்த வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியாத்தான்டி வச்சிருக்கான் பேரு."

அப்போது பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. மறந்துபோன ஒரு பழைய சிநேகிதனின் பெயர் ஞாபகம் வந்ததுபோல் ஒரு சந்தோஷம். "அட, ஆமாம்! கிழவி சொன்னாளே! சர்க்கார் கேட்டுதாம், இவ கழுத்துச் சங்கிலியைக் கழட்டிக் கொடுத்துட்டு இந்த இரும்பை வாங்கிண்டு வந்தாளாம். சொல்றச்சே அழுதா, பாவம்."

"அப்போ உனக்குத் தெரியும்" என்றாள் அத்தை.

"தெரியாம என்ன? கைல வாங்கறச்சயே உன் ஞாபகம்தான் வந்துது. உனக்குன்னா பொருத்தமா இருக்கும்னு தோணித்து."

அவர் அதைப் பாசமாகத்தான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று செய்திருந்தால்கூட ஒருவனை மன்னித்துவிடலாம். இவர் தங்கையின் காப்பையும் கிழவியின் கண்ணீரையும் சேர்த்து ஒரு வேடிக்கையான பரிசு வாங்கி வந்திருந்தார். அத்தை அதற்கு நாற்பது வருஷம் பாயசம் வைத்திருக்கிறாள், அவரும் வந்து உட்கார்ந்து குடித்திருக்கிறார்.

அத்தை அழவில்லை. "பொருத்தம் எல்லாம் இருக்கட்டும் அண்ணா. டப்பால ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுத்து. எனக்கு ஒரு ரூம் உண்டா இல்லையா, அதைச் சொல்லு."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா எழுதிவச்ச நாமினி நான்தானேம்மா. பில்டிங் சொசைட்டில வீட்டை என் பேருக்கு மாத்தி எல்லாம் முடிஞ்சாச்சு. உன் கையெழுத்துகூட வேண்டாம்."

அவ்வளவுதான். காசு செல்லாது என்று ஆனது, வாதம் விழுந்தது, அறை மட்டும் வரவில்லை. பிறகு எதற்கு என்னைக் கூப்பிட்டார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தன் மனசாட்சிக்கு ஒரு ரசீது வேண்டியிருந்திருக்கும். கோர்ட்டுக்குப் போகலாம், நாமினி என்றால் சொந்தக்காரர் என்று அர்த்தமில்லை என்று நான் குதித்தேன். "கோர்ட்டுக்குப் போகக் கழட்டறதுக்கு என்கிட்ட இன்னும் என்னடி இருக்கு?" என்று கேட்டாள் அத்தை.

ஹோமுக்கு நான் விடவில்லை. முலுண்டில் என்னோடு வந்து இருந்தாள். ஹாலில் கட்டில் போட்டோம். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை, ஆனால் கடைசிவரை விருந்தாளி மாதிரி என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தன்னுடைய அடுப்பில் நின்று எல்லோரையும் அதட்டியவள் என் சமையலறை வாசலில் தயங்கித் தயங்கி நிற்பாள். பூஜையில் மற்ற படங்களை வைத்தாள், அந்த வில்லையை வைக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கக் காலைப் பேப்பரின் மேல் வைப்பாள். "இப்பவாவது ஒரு வேலை செய்யட்டும்" என்பாள். இடித்த இடத்தில் புதுக் கட்டடத்தின் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில், அந்த ஹால் கட்டிலிலேயே போய்விட்டாள்.

வீடு இப்போது தயாராகிவிட்டது. நேற்று பெரியப்பா போன் செய்தார். வெள்ளிக்கிழமை கிருகப்பிரவேசம். பேச்சோடு பேச்சாக, "அந்த ஜெர்மன் லக்ஷ்மி உன்கிட்டதானே இருக்கு? என்ன இருந்தாலும் அந்த வீட்டுக்கு ராசியா இருந்தது. சின்ன ஃப்ளாட் ரெண்டு பெட்ரூம் ஆச்சே. பூஜை ரூம்ல அதுக்குன்னே ஒரு மாடம் வச்சிருக்கான் பையன். துடைச்சுக் கொண்டு வா" என்றார். அது யார் என்று அவரிடமே படித்துச் சொன்னவள் நான். அவருக்கு அதை முதலில் சொன்னவள் ஒரு ஜெர்மன் கிழவி.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கிறேன். எழுத்துகளின் இடுக்கில் இருக்கும் சிவப்பில் எது குங்குமம், எது துரு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் இதைத் துடைக்கப் போவதில்லை, கொண்டுபோகப் போவதுமில்லை. அத்தைக்கு ஓர் அறை கொடுக்காத வீட்டில் இவளுக்கு மட்டும் மாடம் எதற்கு?