லிந்துலை பஸ்ஸுக்காக வரிசையில் நின்ற குடை

வெளிநாட்டு வேலைக்கான கோப்பில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் குறைந்தது. பழைய பதிவு, நுவரெலியாவுக்கே போய்த்தான் எடுக்க வேண்டும் என்று கொழும்பில் கைவிரித்துவிட்டார்கள். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை 5.55 ரயிலில் கிளம்பினேன். நானுஓயாவில் இறங்கும்போது மதியம் ஒன்று. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 1,200 ரூபாய். பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அறை, வாடகை 4,500. சுடுதண்ணீர் உண்டு என்றார்கள், வந்தது வெதுவெதுப்பு.

அலுவலகத்தில் நாளைக்கு இருபத்தைந்து நம்பர்தான் கொடுப்பார்கள் என்று ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார். பந்திக்கு முந்து என்று வளர்ந்த ஆள் நான். மறுநாள் காலை 5.20க்கே போய்விட்டேன். வாசலில் ஒருவருமில்லை. கேட்டை ஒட்டி ஒரு கறுப்புக் குடை மட்டும் சாய்ந்திருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அதை எடுத்துச் சுவருக்குப் பின்னால் வைத்துவிட்டு, அந்த இடத்தில் நின்றுகொண்டேன். உபகாரம் செய்த நினைப்பு வேறு.

7.30க்குக் காவலாளி நம்பர் கொடுத்தார். எனக்கு ஒன்றாம் நம்பர். சற்று நேரத்தில் இருபத்தைந்தும் தீர்ந்தது. 8.15க்கு ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள்.

"அண்ணே, லிந்துலைக்கு மூணு நம்பர்" என்றார் அந்தப் பெண்.

"கொடையக் காணலியே. இன்னைக்கு நீங்க வரலன்னுல்ல நெனச்சேன்" என்றார் காவலாளி.

காவலாளி விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. லிந்துலையில் அவர்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ் எட்டு மணிக்குத்தான் நகரத்துக்கு வரும். எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் நம்பர் கிடைக்காது. அதனால், எத்தனை பேர் வருகிறார்கள் என்று முதல் நாளே எதிர்த் தேநீர்க்கடைக்குப் போன் செய்வார்கள். கடைக்கார அக்கா அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குடையில் கட்டி வரிசையில் வைப்பார். காவலாளி அத்தனை நம்பரை எடுத்து வைத்திருப்பார். இருட்டில் நான் காகிதத்தைப் பார்க்கவில்லை.

"குடையை எடுத்தது நான்தான்" என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வி, கொழுந்து பறிப்பவர். "மகளோட பொறப்புச் சர்டிபிகேட்டுங்க. நாளைக்கு ஸ்கூல்ல குடுக்கலன்னா ஐசி, அதான் அடையாள அட்டை, வராது. ஐசி இல்லாட்டி சோதனை எழுத விடமாட்டாங்க" என்றார். என் நம்பரை நீட்டினேன். காவலாளி சரியென்று தலையசைத்தார். செல்வி மட்டும் தயங்கினார்.

"ஒங்க வேலை கெட்டுப் போவுமே சார்?"

"எனக்கு நாளைக்கும் நாள் இருக்கு."

9.10க்குச் சான்றிதழோடு வெளியே வந்தவர், அதைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். என் மனம் லேசானது. ஆனால், மற்ற இருவரும் படியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் இன்னும் இரண்டு நம்பர் இல்லை. அவர்கள் நாளை மறுபடியும் வர வேண்டும். இன்னொரு நாள் சம்பளம் போகும். வெட்கமாக இருந்தது. எங்கள் மூவருக்கும் தேநீர் வாங்கினேன், 150 ரூபாய். அது ஈடாகாது என்று எனக்கே தெரியும்.

போகிறவர்களுக்கு: ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர் எலும்பைத் துளைக்கும், கம்பளிச் சட்டை கட்டாயம். பழைய பதிவு என்றால் தோட்டத்தின் பெயரோடு அதன் உட்பிரிவான டிவிஷனின் பெயரும் கேட்பார்கள். வாசலில் ஏதாவது பொருள் இருந்தால் தொடாதீர்கள், விசாரியுங்கள். முதலில் வந்தவனுக்கே முதலிடம் என்பது நியாயம்தான். ஆனால் அது வாசலுக்குப் பக்கத்தில் அறை எடுக்க முடிந்தவனின் நியாயம்.

தேநீர் குடித்து முடித்ததும் இருவரில் மூத்தவர், தொழிற்சாலையில் வேலை செய்யும் பெருமாள், தேநீர்க்கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அக்கா, நாளைக்கும் மூணு பேருன்னு எழுதிருங்க." பிறகு என்னிடம் சொன்னார்: "நீங்க வெள்ளன வந்து குளிர்ல நிக்காதீங்க சார். எட்டு மணிக்கு எங்களோட வந்தாப் போதும்."